ஒத்த ஆளு டெல்மர்

டெல்மர் ஃப்ரேசியரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவன் குரலை மட்டும் குறை சொல்ல முடியாது. மாவட்டச் சாலைகளில் மண்ணைச் சமன்படுத்தும் வண்டியைக் காலமெல்லாம் ஓட்டியவன். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பாடிப் பாடியே தொண்டை அப்படி விளைந்துவிட்டது என்று எங்கள் சிக்கசா பழங்குடி ஆட்கள் சொல்வார்கள். நெருப்பைச் சுற்றி நடந்தபடி அவன் பாட்டை எடுத்துக்கொடுத்தால் எங்கள் ஊர் டிஷோமிங்கோவின் கடைசி வீடுவரை கேட்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் ஆட்டத்தில் பாட்டு தனியாக நடப்பதில்லை. எடுத்துக்கொடுப்பவன் முன்னால் போவான். அவனுக்கு நேர் பின்னால் ஒரு பெண், முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஆமையோடுகளைக் கட்டிக்கொண்டு, உள்ளே கிடக்கும் கூழாங்கற்கள் குலுங்க மிதித்து வருவாள். தாளம் முழுக்க அவள் காலில்தான் இருக்கிறது. அவள் மிதிக்காமல் ஒருவன் வாயைத் திறந்தால் அதற்குப் பெயர் பாட்டல்ல, வெறும் கத்தல். மற்ற ஆண்கள் எடுத்துக்கொடுக்கும்போது பின்னால் அவரவர் மனைவி வருவாள். டெல்மரின் மனைவி ஜோலீன் தேவாலயத்தைத் தவிர வேறெங்கும் பாடமாட்டாள். நெருப்பு இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மாட்டாள். அதனால் அவன் பாடத் தொடங்கிய நாளிலிருந்து அவன் பின்னால் மிதிப்பவள் அவன் அக்கா நடீன்தான்.

பாடத் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். இவர்கள் இளவயதில் எங்கள் பக்கம் இந்த ஆட்டம் அனேகமாக அற்றுப்போயிருந்தது. ஆசைப்பட்டவர்கள் பக்கத்துப் பழங்குடியான செமினோல் ஆட்களின் திடலுக்குப் போய்த்தான் கற்க வேண்டும். ஆசைப்பட்டவள் நடீன். சனிக்கிழமை ஆனால் போதும், ஓட்டை பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தனியாகப் போகாதே என்று வீட்டில் சொன்னதால் தம்பியையும் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அங்கிருந்த பெண்கள் அவளுக்கு மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆமையோடு வாங்க வழியில்லாமல் பால் டின்களில் ஓட்டை போட்டு, தேய்ந்த பூட்ஸின் தோலில் தைத்து முதல் ஜோடியைத் தானே செய்துகொண்டாள். தம்பிக்குக் குரல் வந்தது; பாட்டு நினைவில் நிற்காது. திரும்பும் வழியில் அவள் ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டி ஒவ்வொரு பாட்டாக அவன் மண்டையில் ஏற்றினாள், அதுவும் அவன் விழித்திருந்த நேரத்தில்.

இந்த வருஷம் பெருவிழாவில் பண்பாட்டுக்கான பரிசு டெல்மருக்கு என்று அறிவித்தார்கள். நியாயமான பரிசுதான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆட்டக் குழுவைக் கூட்டிப்போனவன், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் முகம் சுளிக்காமல் வந்தவன். விழாவில் காட்டுவதற்காக அவனைப் படம் பிடிக்கக் கேமராவோடு ஒரு பெண் வந்தாள். ரிப்பன் தைத்த புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கேட்டாள், இவன் சொன்னான். என்ன சொன்னோம் என்று வீட்டுக்கு வந்தபோது அவனுக்கே நினைவில்லை. நன்றாகப் பேசினோம் என்ற திருப்தி மட்டும் இருந்தது.

அந்தப் படத்தை விழா வாரத்தில் முதியோர் மதிய உணவுக் கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். அறுபதைத் தாண்டியதிலிருந்து டெல்மருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். நடீன் அவனைவிட மூத்தவள், ஆனால் அவள் அங்கே சாப்பிட வருபவள் இல்லை, பரிமாறுபவள். அன்றைக்கு பஷோஃபா. உடைத்த சோளமும் பன்றி எலும்பும் காலையிலிருந்து கொதித்துக் குழைந்து கிடந்தன. சுவரில் இருந்த டிவியில் டெல்மரின் முகம் பெரிதாக வந்ததும் கூடமே கைதட்டியது. அவன் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

"இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று டிவியில் அந்தப் பெண் கேட்டாள்.

"நானே தேடிப் போனேம்மா. யாரும் கூட இல்ல. ஒத்த ஆளா நின்னு கொண்டாந்தேன்."

"பொம்பளைங்களும் உங்க கூட ஆடுறாங்களே?"

டிவியில் இருந்த டெல்மர் சிரித்தான். "அவங்களா? கால்ல டப்பாவைக் கட்டிக்கிட்டு பின்னால சத்தம் குடுப்பாங்க. பாட்டு நம்மளுது."

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. டெல்மருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது, ஆனால் அந்தக் குரலை வேறு யாருக்குச் சொந்தம் என்று சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பானைக்கு அந்தப் பக்கம் நடீன் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். படம் முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் பஷோஃபாவை ஊற்றி, அவளே எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க."

பிறந்த நாள் முதல் அவனை 'டேய்' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள் அவள். இரண்டு அறை கொடுத்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பஷோஃபாவில் நாங்கள் சமைக்கும்போது உப்புப் போடமாட்டோம். அவரவர் கிண்ணத்தில் அவரவர் போட்டுக்கொள்வது. உப்புக் குப்பி மேசையைச் சுற்றி வந்து ஆர்லிஸிடம் நின்றது. ஆர்லிஸ் டெல்மரின் சித்தப்பா மகன். ஆட்டத்தின்போது கையில் கோலோடு போய் அடுத்து யார் பாட வேண்டும் என்று கூப்பிடுகிறவன். வாயில் எப்போதும் கத்தி வைத்திருப்பான்.

"உப்பைக் குடுடா," என்றான் டெல்மர்.

"அவ்வளவு பாட்டையும் ஒத்த ஆளா கொண்டாந்தவனுக்கு உப்புக்கு மட்டும் ஆள் வேணுமா?"

மேசை முழுக்கச் சிரித்தது. நடீன் சிரிக்கவில்லை, பானைப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். டெல்மர் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தான். எங்கள் ஊரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. மறுநாள் பெட்ரோல் போடப் போன இடத்தில், "என்ன ஒத்த ஆளு, சௌக்கியமா?" என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். வழியெல்லாம் வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு போனான். அவள் சமையலறை மேசையில் காட்டுத் திராட்சையைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தாள், விழாவுக்குத் திராட்சைச் சாற்றில் கொழுக்கட்டை போட. அவன் எதிரே உட்கார்ந்தான்.

"உன் வண்டி டயர் தேஞ்சு போச்சுக்கா," என்றான்.

"அப்படிங்களா."

"மாத்திரு. மழை வரும்கிறாங்க."

"சரிங்க."

இன்னும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு எழுந்து வந்துவிட்டான். ஐம்பது பேர் கேட்கப் பெருமையடிக்க வந்த வாய்க்கு, ஒரே ஒருத்தியிடம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வண்டியில் உட்கார்ந்துகொண்டு தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்: அக்காதானே, கோபம் எத்தனை நாளைக்கு, நாளைக்கு நெருப்பு முன்னால் நின்றால் எழுந்து வந்துவிடுவாள், வராமல் எங்கே போவாள். அப்படி நினைத்த மறுகணமே, டிவியில் பேசியவனும் இதே ஆள்தான் என்று அவனுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய் ஜோலீனிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை விழாத் திடலில் நெருப்பு மூட்டினார்கள். மறுநாள் காலை மேடையில் பரிசு. இன்றைக்கு அவன் பாட வேண்டும். எங்கெங்கோ இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து சேரும் கூட்டம் அது. கலிஃபோர்னியாவிலிருந்தெல்லாம் வந்து மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நடீன். இரண்டு பக்கமும் அவள் மகள்கள் இருவர், கால்களில் ஆமையோடு கட்டித் தயாராக. நடீனின் ஆமையோடுகள் மட்டும் அவள் காலடியில் சாக்குப் பைக்குள்ளேயே கிடந்தன.

"டெல்மர் ஃப்ரேசியர்! நெருப்புக்கு வா!" என்று ஆர்லிஸ் கூவினான்.

டெல்மர் போனான். ஆண்கள் எழுந்து வந்து வரிசை சேர்ந்தார்கள். அவனுக்கு நேர் பின்னால் பெண் நிற்க வேண்டிய இடத்தை வழக்கம்போல் விட்டுவிட்டு நின்றார்கள். அவன் நடக்கத் தொடங்கினான். வரிசை அவன் பின்னால் நகர்ந்தது. அந்த இடம் காலியாகவே அவனைத் தொடர்ந்து வந்தது.

ஒரு சுற்று முடிந்தது. யாரும் எழவில்லை. அக்கா மகள் கெய்லாவைக் கண்ணால் கெஞ்சினான். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நடீன் எழாதபோது அவளைத் தாண்டி எழுந்து வர அந்தத் திடலில் எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது சுற்று. செருப்புச் சத்தமும் விறகு வெடிக்கும் சத்தமும்தான் கேட்டன. பாடாமல் நெருப்பைச் சுற்றுகிறவனைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"என்னப்பா, ஆரம்பிக்கலாமே," என்றான் ஆர்லிஸ். "ஒத்த ஆளாவே."

டெல்மருக்குக் காது மடல்கள் எரிந்தன. செத்துவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்து பார்த்தான், காற்றுதான் வந்தது. பாட்டு வராதது வெட்கத்தால் மட்டும் இல்லை. பின்னால் அந்தக் குலுங்கல் இல்லாமல் முதல் அடி எங்கே விழ வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் பாடியும் அது தனக்குத் தெரியாது என்பதை அந்த நிமிஷம்தான் கண்டுகொண்டான்.

வரிசையை விட்டு விலகினான். எடுத்துக்கொடுக்க வந்தவன் பாடாமல் நெருப்பை விட்டுப் போவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நேரே நடீனின் நாற்காலிக்குப் போய் மண்ணில் முட்டிபோட்டான்.

"அக்கா, நான் பேசினது தப்பு," என்று முணுமுணுத்தான்.

"கேக்கலிங்க," என்றாள் நடீன். "டிவில நல்லாக் கேட்டுச்சு."

அவன் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். கடைசி வீடுவரை கேட்கும் குரலில் சொன்னான்: "செமினோல் திடலுக்குப் போனது எங்க அக்கா! வண்டி ஓட்டினது அவ! பாட்டை மறக்காம வச்சிருந்தது அவ! நான் பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டு வந்தேன்! டிவில சொன்னது பொய்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"அது எங்க எல்லாருக்கும் தெரியுமேப்பா," என்றான் ஆர்லிஸ். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. அதுதான் டெல்மரைக் கூனிக் குறுக வைத்தது. ஊருக்கே தெரிந்த உண்மையை ஒருவன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"வாயால சொல்லிட்டீங்க. அது உங்களுக்கு எப்பவும் வரும்," என்று நடீன் சாக்குப் பையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "கட்டி விடுங்க."

அவன் மறுபடி முட்டிபோட்டான். பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் காலை நீட்டினாள். நெருப்பு வெளிச்சத்தில் அந்தக் காலைப் பார்த்து அவன் கை நின்றுவிட்டது. முன்னெலும்பு நெடுக, வார் இறுக்கும் இடமெல்லாம் கறுத்துத் தடித்த தழும்பு. தோல் உரிந்து, ஆறி, அதன்மேல் மறுபடி உரிந்து காய்ப்புக் காய்த்த கால். டின் விளிம்பு வெட்டிய கோடுகள்கூட அப்படியே இருந்தன.

"இது எப்பலேருந்துக்கா?"

"நீ பாட ஆரம்பிச்சதுலேருந்து."

அவனால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துணியைச் சுற்றி, ஆமையோடுகளை வைத்து, வார்களைக் கண்டபடி இழுத்துக் கட்டினான். எதை எதில் கோக்க வேண்டும் என்று தெரியவில்லை. கெய்லா உதவிக்குக் குனிந்தாள். அம்மாவின் ஒரு பார்வையில் விலகிக்கொண்டாள். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. கண்ணீர் அவன் புதுச் சட்டையின் ரிப்பனில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை, கை இரண்டும் வாரில் இருந்தன.

"இறுக்கு. நடுவுல அவுந்து விழுந்தா இன்னொரு தடவை நீ அழணும்," என்றாள் நடீன். பிறகு எழுந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலை மிதித்துப் பார்த்தாள். கற்கள் குலுங்கின. "நட."

அன்றைக்கு அவன் நன்றாகப் பாடினான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவனைக் கேட்டால், பாட்டு நினைவில்லை, பின்னால் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது என்பான். கடைசிவரை அவன் தலை நிமிரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவன் போட்ட முடிச்சுகள் அவிழவில்லை. அவனும் கெய்லாவும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் நடீன் ஆர்லிஸிடம் கத்தி வாங்கி வார்களை அறுத்தாள், நல்ல தோல் வார்கள். "கட்டவும் தெரியல, அவுக்கவும் தெரியல," என்றாள். டெல்மர் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு, அவள் வண்டிவரை தூக்கிக்கொண்டு போனான். வாழ்நாளெல்லாம் சாலை வேலை பார்த்த கை அது. ஆனாலும் பாதி வழியில் சாக்கைக் கீழே வைத்துக் கை மாற்ற வேண்டியிருந்தது. நடீன் நின்று காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை என்று அவன் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.