மாம்பலத்து மழைமானி

காலையில் மழை வாசனையோடு பருப்பு வேகும் வாசனையும் சேர்ந்து வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் ஒருமாதிரி பார்த்தாள். அவளுக்கென்ன தெரியும், பருப்பு வாசனையில் நான் குலைநடுங்கிய கதை!

எழுபதுகளின் தொடக்கம். ரயில்வேயில் சேர்ந்து மூன்று மாதம். மாம்பலத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மழைமானி இருந்தது. புனல், அடியில் ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினம் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளந்து போனில் சொல்ல வேண்டும். மழை ரொம்ப அதிகமென்றால், சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டியை விடமாட்டார்கள்.

அன்று விடிய விடிய மழை. முழங்கால் தண்ணீரில் அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்தேன். அவள் கிண்டியில் டீச்சர். பாட்டிலில் இருந்ததோ இரண்டே சென்டிமீட்டர். டிப்ளமோ படித்த மேதாவி அல்லவா, நனைந்த பேண்ட்டை நம்பாமல் அளவுக் குவளையை நம்பினேன். அதையே போனில் சொல்லிவிட்டு, அக்காவை நானே வண்டியில் ஏற்றிவிட்டேன்.

திரும்பும்போது கேட்கீப்பர் வீட்டிலிருந்து பருப்பு வாசனை. அவர் மனைவி குப்பம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கெணத்துத் தண்ணில வேவவே மாட்டேங்குது சார். காலைல உன் பாட்டிலு ரொம்பி வழிஞ்சிக்கினு இருந்திச்சி. மானத்துத் தண்ணி வீணாப் போவுதேன்னு எடுத்தாந்து ஊத்தினேன். பூவா வெந்துகீது பாரு!"

போனுக்கு ஓடினேன். மழையில் லைன் செத்துக் கிடந்தது. தண்டவாளத்தோடு சைதாப்பேட்டையை நோக்கி ஓடினேன், பாழாய்ப்போன என் டிப்ளமோவைத் திட்டிக்கொண்டே.

பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றிருந்தது. அப்பாடா! எதிரே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியோடு பாலத்துக் காவல்காரர்.

"உடச் சொல்லி ஆர்டராம்! தூண்ல செவப்புக் கோட்டத் தண்ணி தொட்டுக்கீது. எவன் சொன்னா இன்னா, நான் உடமாட்டேன்!"

அந்த எவன் நான்தான்.

ஜன்னலில் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா இப்படி ஓடி வரே? ஆத்துல யாருக்கானும் உடம்பு சரியில்லையா?"

திருவிழாவில் தொலைந்து கிடைத்த குழந்தை மாதிரி அழுதேன். அவள் குடையால் ஒரு தட்டு தட்டினாள்.

மீட்டர்கேஜ் போயிற்று. மழைமானி இருந்த இடத்தில் டூவீலர் ஸ்டாண்டு. குப்பம்மாவின் வீடும் இல்லை. அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னமும் போனில் என்னை அதட்டுகிறாள். கொடி பிடித்த அந்த மனிதர் பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.