நான் பொய் சொல்ல வைத்த மீற்றர்

மீன்தொட்டி வேலை என்றதும் ஆக்கள் செத்த மீனைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கும் என்னிடம் கதை இருக்கிறது, வேண்டிய மட்டும். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரு மீன்கூடச் சாகாத கதை.

1. மூன்று முறை போன வீடு

2012 குளிர்காலம். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குக் கிட்ட ஒரு மீன்தொட்டிக் கடையில் நான் சேர்ந்து இரண்டு மாதம். எஸ்ஸே இன்னும் முடியவில்லை. அந்தச் சோதனைக்காலம் முடியும்வரை பத்ரோன், அதுதான் கடை முதலாளி, "நாளைக்கு வராதே" என்றால் வராமல் இருக்க வேண்டியதுதான். வீட்டு வாடகைக்கும் விசாக் கடுதாசிக்கும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன்.

முதல் தனி வேலையாக நேசன் அண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணைக்கு விமான நிலையத்தில் வேலை. மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி, பவளம், செம்மஞ்சள் மீன் சோடி ஒன்று. தொட்டியில் பிஎச் புறோப் தொங்கியது. தண்ணீர் புளிப்புப் பக்கமா காரப் பக்கமா என்று மீற்றரில் இலக்கமாகக் காட்டுகிற குச்சி அது.

"தம்பி, புறோப் பழுது. கடலிலை 8.2, எனக்கு 7.7. என்னெண்டு பார்."

பார்த்தேன். 7 என்றும் 10 என்றும் எழுதின, பிஎச் நிச்சயமாகத் தெரிந்த பஃபர் தண்ணீர்ப் பைக்கற்றுகளை உடைத்து, புறோப்பை மாறி மாறி வைத்து, மீற்றரின் இரண்டு ஸ்க்ரூவையும் திருப்பினேன். 7 என்றால் 7, 10 என்றால் 10. தொட்டிக்குள் போட்டேன். 7.7.

"அப்ப உன்ரை பஃபர் பழுது."

புதுப் பைக்கற் உடைத்தேன். 7.7. அடுத்த கிழமை புதுப் புறோப்போடு போனேன். அதே 7.7. தொட்டிக்குள் கரண்ட் கசிந்தாலும் இலக்கம் குழம்பும் என்று மோட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"முதலிலை தேத்தண்ணியைக் குடியும் தம்பி. உமக்கும் தலையிடிக்கப் போகுது. மகளும் பின்னேரமானால் தலையிடி எண்டு படுக்கிறாள்" என்றா அண்ணையின் மனைவி தவம் அக்கா. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். தலையிடியைக் கவனிக்கவில்லை.

கடைக்கு வந்தால் பத்ரோன் கத்தினார்: "அந்த ஆள் இன்னொருமுறை போன் எடுத்தால் நீ திங்கட்கிழமை வரத் தேவையில்லை!"

மூன்றாம் முறை போனபோது என் மூளை எங்கே போனதோ தெரியாது. அண்ணை குசினிக்குள் போன நேரம், புறோப் தொட்டிக்குள்ளேயே கிடக்க, ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினேன். 7.7, 7.9, 8.2. அப்பாடா!

"பாத்தியே தவம், பெடியன் கெட்டிக்காரன்!" என்று அண்ணை முதுகில் தட்டினார். அக்கா மூன்று ரோல்ஸ் சுற்றித் தந்தா. வெட்கத்தில் எனக்கு அது தொண்டையால் இறங்கவில்லை. சரி, இரண்டு இறங்கியது.

2. படிக்கட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர்

பத்து நாள் கழித்து அண்ணை கடைக்கே வந்துவிட்டார்.

"மீற்றர் நல்லாத்தான் காட்டுது. ஆனால் பவளம் சுருங்கிப் போய் நிக்குது தம்பி. தவமும் தலைச்சுத்து எண்டு வேலைக்குப் போகேல்லை."

உடனே அவரோடு போனேன். முதல் வேலையாகப் பஃபரில் வைத்து ஸ்க்ரூவைச் சரிக்குக் கொண்டுவந்தேன். தொட்டியில் 7.5. முந்தியைவிடக் கீழே.

பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். தொட்டித் தண்ணீரை ஒரு கோப்பையில் அள்ளி, வெளியே படிக்கட்டு யன்னலைத் திறந்து, அங்கே வைத்துக் காற்று மோட்டரால் குமிழி விட்டேன். மீற்றரையும் நீள வயரில் இழுத்துக்கொண்டு போனேன். அரை மணித்தியாலத்தில் 7.9. ஒரு மணித்தியாலத்தில் 8.2.

அதே தண்ணீர், அதே புறோப். மாறினது காற்று மட்டும். வீட்டுக் காற்றில் கரியமிலவாயு கூடினால் அது தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கிவிடும். புறோப் தொடக்கத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

குசினிக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். சுவரில் காற்று வருகிற ஓட்டையை பெட்டி ஒட்டுகிற மண்ணிற ரேப்பால் நாலு மடிப்பில் ஒட்டியிருந்தது.

"அக்கா, இது என்ன?"

"மிளகாய்த்தூளுக்கு வறுக்கேக்கை ஒட்டினது தம்பி. போனமுறை செத்தல் வறுக்க, கீழ்வீட்டு மதாம் இருமி இருமி மேலை வந்திட்டா. அதுதான் இந்தமுறை எல்லா ஓட்டையையும் அடைச்சுப்போட்டு வறுத்தனான்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும். குளிரும் வரேல்லை, நல்லதுதானே எண்டு விட்டிட்டன்."

அந்த ஓட்டைக்கு நேர் கீழே, காஸில் தண்ணீர் சுடவைக்கிற பெட்டி எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சள். காற்றுப் போதாமல் அப்படி எரிந்தால் மணமே இல்லாத நச்சுவாயு வரும்.

ரேப்பைப் பிய்த்தேன். காஸைப் பூட்டினேன். யன்னல் எல்லாவற்றையும் திறந்தேன்.

"உனக்கென்ன விசரே? வெளியிலை பனி கொட்டுது!" என்று அண்ணை கத்தினார்.

"கத்துங்கோ அண்ணை, ஆனால் வெளியிலை நிண்டு கத்துங்கோ" என்று அவர்களைப் படிக்கட்டுக்குத் தள்ளினேன்.

அன்றைக்கே வந்த காஸ்காரன் பெட்டியைத் திறந்து பார்த்து, பாவிக்கக்கூடாது என்று சிவப்பு ரேப் ஒட்டினான். இந்த நெருப்போடும் அடைத்த ஓட்டையோடும் இவ்வளவு நாள் காலையில் எழும்பினதே அதிசயம் என்றான். அண்ணை அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, மகளைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார்.

நான் சொன்னேன்: "அண்ணை, அந்த 8.2 நான் திருப்பி வைச்சது."

அண்ணை மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "உன்ரை இலக்கத்தை நம்பிப் பத்து இரவு நித்திரை கொண்டனாங்கள்" என்றார்.

பத்ரோனிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எஸ்ஸேயை இன்னும் இரண்டு மாதம் நீட்டினார். ஆனால் வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை.

3. இப்போது

மீற்றர் எனக்குப் பிடிக்காத இலக்கத்தைக் காட்டினால் முதலில் பஃபர், அடுத்தது யன்னல். இரண்டுக்கும் பிறகும் அதே இலக்கம் வந்தால் அதுதான் உண்மை. ஸ்க்ரூ பஃபருக்கு மட்டும்.

ஒவ்வொரு வருசமும் தவம் அக்கா எனக்கு ஒரு போத்தல் தூள் தருவா. "யன்னலைத் திறந்துவைச்சு வறுத்தது தம்பி" என்று தவறாமல் சொல்லுவா. கீழ்வீட்டு மதாமுக்கும் ஒரு போத்தல் போகிறதாம். மதாம் சமைத்துச் சாப்பிடுகிறாவாம், ஆனால் வறுக்கிற நாளில் இன்னும் இருமுகிறாவாம். அவ இருமுகிறா என்று கேட்டால் எனக்கு நிம்மதி.