லோரிக்காரர் மேல் நான் போட்ட பழி

ஒரு பாவமும் அறியாத மனிதரின் மேல் பழி போட்டேன். அவர் எதிரிலேயே நின்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தொண்ணூறுகளில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாடகை வீட்டில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இல்லம் நடத்தி வந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை நான். எங்களிடம் வந்தவர்கள் பின்சந்துகளில் உடம்பை விற்ற பெண்கள், போதை ஊசிக்கு அடிமையான ஆண்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டால் போக்கிடம் இல்லாதவர்கள்.

இவர்களுக்கு யார் நன்கொடை தருவார்கள்? நீங்கள் தந்திருப்பீர்களா... கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்ட நேரத்தில், கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி மட்டும் காது கொடுத்துக் கேட்டார்.

"கொடுக்கலாம் டீச்சர். ஆனா தப்பு பண்ணிட்டு வந்தவங்களுக்குன்னா எங்க ஆளுங்க பாக்கெட்டுல கைய விட மாட்டாங்க. குடும்பப் பொண்ணு யாராச்சும் இருந்தா, அவ கதைய நாங்க நன்கொடைக்கு வைக்கிற டின்னர்ல சொல்லுங்க" என்றார்.

அப்படி யாரும் இல்லை. நான் ஒருத்தியை உண்டாக்கினேன்.

பார்வதி என்று ஒருத்தி எங்களிடம் இருந்தாள். கணவனையும் சின்ன மகளையும் விட்டு ஓடிவந்து, சில வருடங்கள் பிரிக்பீல்ட்ஸ் சந்தில் பிழைத்தவள். நோய் அங்கே வந்தது. காப்பாரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் மாணிக்கம், தேடி வந்து பார்த்துக்கொண்டார். அவருக்கு நோய் இல்லை. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டுவார், விரிப்புகளைத் துவைப்பார். மகளிடம், அம்மா சிங்கப்பூரில் வேலை செய்தபோது உடம்பு கெட்டுவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த விருந்தில் நான் சொன்னது இதுதான்: கணவன் ஊர் மேய்ந்து கொண்டுவந்த நோயால், ஒரு குடும்பப் பெண் படுக்கையில் கிடக்கிறாள்.

பெயர் சொல்லவில்லையே என்று நினைத்தேன். என்ன புத்தி எனக்கு! இல்லத்துச் சாமான்களைத் தூக்க மாணிக்கத்தைத்தான் அழைத்துப் போயிருந்தேன். அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க அந்தப் புருஷன்?" என்று ஒருவர் கேட்டார்.

மாணிக்கம் முன்னால் வந்தார்.

"நான்தாங்க" என்றார்.

கூட்டம் அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை... இப்போதும் அழுகை வருவதில்லை.

பணம் வந்தது. இல்லம் மூடப்படவில்லை. பார்வதி சில மாதங்களில், சுத்தமான விரிப்பில், மாணிக்கத்தின் மடியில் இறந்தாள். அதற்குள் செய்தி காப்பாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. லோரி முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மகளைக் கிள்ளானில் இருந்த பார்வதியின் அக்கா அழைத்துக்கொண்டு போய், அவர் கண்ணில் காட்டவே இல்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாப்பா ஒருநாள் இங்க வரும் டீச்சர். அவங்கம்மாவப் பத்தி எதுவும் சொல்ல வேணாம். அந்த நோய் என்னால வரலன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவள் வந்தாள், பள்ளிப் படிப்பு முடிந்த வருடம். அன்று ஜவுளிக்கடை முதலாளி, தான் வாங்கித் தந்த புதுக் கட்டில்களைப் பார்வையிட வந்திருந்தார். அவர் காதில் விழும் தூரத்தில் நின்று அவள் கேட்டாள்.

"அம்மாவுக்கு வந்தது அப்பாவாலதானா டீச்சர்?"

ஆமென்று தலையாட்டினேன்.

முதலாளி போகும்வரை அவளை உட்கார வைத்திருக்கலாம். பிறகாவது அவளைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கட்டில்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொன்னாடைக்காகவும்தான்.

மாணிக்கம் அதற்குப் பிறகும் இல்லத்துக்கு வந்தார், யார் யாருடைய விரிப்புகளையோ துவைக்க. ஒருநாள் ஈரத் துணியை உதறிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா வந்துச்சா டீச்சர்?"

"இல்லையே" என்றேன்.

"வேல இருக்கும்லா. வரும்."

அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.