காருக்குப் பாஸ்வேர்டு போடுபவள்

கையில் கிரீஸ் படாமல் வேலை பார்ப்பவரை எந்த வாடிக்கையாளரும் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்வதில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், லேப்டாப்பும் ஒயருமாக மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண் நான்தான். இப்போது வரும் கார்களுக்குள்ளேயே சிம் கார்டு இருக்கிறது. போனிலிருந்தே கதவைத் திறக்கலாம், ஏசி போடலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நம்மால் முடிவது திருடனாலும் முடியும் அல்லவா? அதைத் தடுப்பது என் வேலை. ஆபீசிலோ பேங்கிலோ “பாஸ்வேர்டை மாத்துங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் நீங்கள் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

எலுமிச்சம்பழம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே அது ஹாரன் அடிக்கிறதாம், லைட்டைப் போட்டு அணைக்கிறதாம். முன்கண்ணாடிக்கு அடியில் எலுமிச்சம்பழம், பம்பரில் கறுப்புக் கயிறு. சோதித்துப் பார்த்தால், காரை விற்றவரின் போனில் இருந்த செயலியை யாரும் நீக்கவே இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் போனை நோண்டும்போதெல்லாம் இங்கே கார் அலறியிருக்கிறது.

“அதே போனால கதவையும் திறக்கலாம் அண்ணாச்சி” என்று சொல்லி, பழைய பதிவை அழித்துவிட்டு, புதிதாக ஒரு பாஸ்வேர்டு யோசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். “அதெல்லாம் எனக்கு நெனப்புல நிக்காதும்மா. பழைய ஆளு போட்டதே இருக்கட்டும், அவரு நல்ல மனுசன்.”

மணிமுத்தாறு இறக்கம்

சேரன்மகாதேவியில் டிராவல்ஸ் நடத்தும் ஒருவர், தன் வேன்கள் எங்கே போகின்றன என்று பார்க்க வண்டிக்கொரு கருவி மாட்டியிருந்தார். போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தவும் அதில் வழியுண்டு. பாஸ்வேர்டு, வாங்கும்போது வந்ததுதான்: ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக. சர்வீசுக்கு வந்தபோது பார்த்துவிட்டு, மாற்றச் சொல்லி மூன்று தடவை போன் செய்தேன். மாற்றவில்லை.

ஒரு மத்தியானம், மணிமுத்தாறு அருவியிலிருந்து திரும்பிய வேன் ஒன்றின் எஞ்சின் இறக்கத்தில் அணைந்துவிட்டது. எங்கோ இருந்த எவனோ நம்பர் போட்டுப் பார்த்து அணைத்திருக்கிறான். ஸ்டியரிங் இறுகிப்போய், பிரேக்கும் கட்டையாகிவிட, டிரைவர் சுடலைமுத்து வேனைப் பாறையோரம் உரசி நிறுத்தினார். உள்ளே பதினோரு பேர். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுடலைமுத்துவுக்கு மணிக்கட்டு ஒடிந்தது.

கருவியின் பதிவைக் காட்டி, இது வெளியிலிருந்து வந்த உத்தரவு என்று முதலாளிக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையோடு நின்றவரிடம் திரும்பினார்: “ஏலே, கியரை ஒழுங்காப் போட்டிருந்தா வண்டி எதுக்குலே அணையப் போவுது?”

நாற்பது நிமிடம்

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அவசர அப்டேட் வந்தது. ரிமோட் சாவியின் சிக்னலைக் களவாடிக் கதவைத் திறக்கும் வித்தையைத் தடுப்பதற்கு. ஒரு காருக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். அன்று வாசலில் பன்னிரண்டு கார்கள். செய்யாத கார்களுக்கும் ‘முடிந்தது’ என்று டிக் போடச் சொன்னார் மேனேஜர். சொன்னது அவர், போட்டது என் விரல்.

அப்படி டிக் மட்டும் வாங்கிய கார்களில் ஒன்று, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருடையது. அவர் வீட்டு முன்னாலிருந்து, ஒரு கீறல்கூட விழாமல், களவு போனது. அப்டேட் முடிந்ததாக நாங்கள் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தாளை இன்னொரு முறை படித்தார். “நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க தாயி. எனக்குத்தான் வயசாயிட்டு, பூட்டாம விட்டுட்டேன் போல.”

டீச்சரின் கார்

கோமதி டீச்சர் தன் பெயரில் வாங்கிய கார் அது. டெலிவரி அன்று கணவர் தன் போனை நீட்டினார். செயலியை அதில் ஏற்றி, அவரையே முதன்மைப் பயனராகப் பதிந்தவள் நான். டீச்சர் பக்கத்தில்தான் நின்றார்.

இரண்டு வருடம் கழித்துத் தனியாக வந்தார். கழுத்தில் விரல்தடம் கன்றியிருந்தது. கணவரின் அடி பொறுக்காமல் விக்கிரமசிங்கபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாராம். “நான் எங்க போனாலும் அங்கன வந்து நிக்காவ. வக்கீலைப் பாக்கப் போனா அங்கயும் வாசல்ல நிக்காவ. காருதான் காட்டிக்குடுக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எடுத்து விடும்மா.”

பதிவை அழிக்கப் பொத்தானை அழுத்தினேன். ஓடிபி கணவரின் எண்ணுக்குப் போனது. ஐந்தே நிமிடத்தில் டீச்சரின் போன் அடித்தது, கணவர்தான். டீச்சர் எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார். தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, கார் இவர் பெயரில்தான் இருக்கிறது, அந்த ஆள் அடிக்கிறவர் என்று கத்தினேன். முதன்மைப் பயனர் சம்மதிக்காமல் முடியாது, பாதுகாப்பு விதி என்றார்கள்.

போனை வைத்துவிட்டு, டேஷ்போர்டைக் கழற்றி, சிம் இருக்கும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். இனி இந்தக் கார் யாருக்கும் எதுவும் சொல்லாது என்று சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். “அன்னைக்கே என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

ஒயரைப் பிடுங்கியதற்காக எனக்கு வந்த மெமோவில் ‘வாகனத்தின் பாதுகாப்பைக் குலைத்தவர்’ என்று எழுதியிருக்கிறார்கள்; ஆக, இத்தனை வருடத்தில் எங்கள் சென்டர் கையும் களவுமாகப் பிடித்த ஒரே ஹேக்கர் நான்தான்.