டெப்புக்குள் யார் கூப்பிட்டது?

திரையில் நாற்பத்திரண்டு வீதம் என்றிருந்தது நாற்பத்தொன்றாகக் குறைந்ததைத்தான் இன்று பகல் முதலில் கவனித்தேன். அப்டேட் பின்னோக்கியும் போகுமா?

அந்த டேப்லெட், எங்கள் பேச்சில் டெப், என் தாத்தாவுடையது.

எங்கள் வீட்டில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். தாத்தா மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். அவரது குரல் பதிவாகி இருப்பது அந்த டெப்பில் மட்டும். அழிந்துவிடுமோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

அதற்கு முன் அதில் ஒரு படம் பார்த்தேன். காணாமல்போன பாட்டனாரைத் தேடி ஒரு சிறுமி "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டபடி ஓடுகிறாள். எனக்கு அது வேறு தாத்தாவாகக் கேட்டது. அழுதுகொண்டிருந்தபோது திரை கறுத்து, அப்டேட் தொடங்கிவிட்டது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா சத்தம் போட்டார்.

"மகள், அந்தப் படத்த நிப்பாட்டுங்களே. தாத்தா தாத்தான்டு கூப்பிடுறதக் கேக்க ஏலாம இருக்கு."

"படம் நின்டு அரை மணித்தியாலம் உம்மா."

உம்மா அகப்பையோடு அறை வாசலுக்கு வந்தார்.

"அப்ப இப்ப கூப்பிட்டது யாரு?"

"பக்கத்து வீட்டு டீவியா இருக்கும்."

"ரோடு முழுக்க கரண்ட் இல்லயே புள்ள."

வெளியே மழை. திரையில் நாற்பது.

"தாத்தா..."

இந்த முறை டெப்புக்குள்ளிருந்து எனக்கும் தெளிவாகக் கேட்டது. அது படத்துச் சிறுமியின் குரல் இல்லை. என் குரல். ஆனால் நான் வாய் திறக்கவே இல்லை.

உம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குரல் தாத்தாவுக்கும் கேட்கட்டும் என்று நான் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போய், எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த தாத்தாவின் அறைக் கதவைத் திறந்து வைத்தேன்.