வாசலை அளக்காமல் அடித்த பெட்டி

தாம்பரத்தில் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்துகொண்டிருந்தவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மரப்பெட்டி அடிக்கப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் செய்த இயந்திரங்கள் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறத் தொடங்கியிருந்தன. உள்ளூருக்கு என்றால் தார்ப்பாய் போர்த்தி லாரியில் அனுப்பிவிடலாம். கடல் தாண்டப் பெட்டி வேண்டும். ஐந்தாவது வரை படித்த என்னைப் போல நாலு பேருக்கு அதனால் வேலை கிடைத்தது. துறைமுகத்தை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

ஒரு வெளிநாட்டுக்காரர் முதல் முறையாக ஓர் இயந்திரம் கேட்டிருந்தார். சொன்ன கப்பலில் வந்தால் மேலும் வாங்குவாராம். தவறினால் பம்பாய்க் கம்பெனிக்குப் போய்விடுவாராம். அவர்களுக்கும் துறைமுகம் இருந்தது.

பெட்டிக்கு அளவெடுத்தது நான்தான். பக்கத்துப் பட்டறைக்கு வந்திருந்த ஒரு காலி கண்டெய்னருக்குள் ஏறி, தரையிலிருந்து கூரை வரை அளந்து, மூன்று அங்குலம் குறைத்து அடித்தேன்.

அனுப்பும் நாள் காலையில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் வந்தது. ஃபோர்க்லிஃப்ட் பெட்டியைத் தூக்கிக் கண்டெய்னர் பக்கம் கொண்டுபோனது. மேலே இடித்து நின்றது. கண்டெய்னரின் வாசல் கூரையைவிடத் தாழ்வாக இருந்தது. வாழ்நாளெல்லாம் நிலை வைத்த நான் வாசலை அளக்கவில்லை.

டிரெய்லர் டிரைவர் சிரித்தார். “இன்னாபா, அளந்தவன் உள்ளயே பொறந்து வளந்தானா? வாசல் வழியா வர்லியா?”

முதலாளி சிரிக்கவில்லை. “இந்தக் கப்பலுக்கு அஞ்சு மணிக்கு ஹார்பர் கேட் மூடிடுவான். பெட்டியப் பிரிச்சுட்டு மெஷின அப்படியே ஏத்துங்க.”

அவரிடம் நான் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று வாய் திறந்தேன். “வேணாம் சார். உப்புக் காத்துல துரு புடிச்சிடும். மெஷினுக்கு மேல நாலு அங்குலம் காலியா கீது. சுத்தி ரெண்டு அங்குலம் அறுத்துடறேன்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“பன்னெண்டுக்குள்ள முடிச்சிடுவேன் சார்.”

முடியுமா என்று எனக்கே தெரியாது. மூடியைக் கழற்றிக் கோடு போட்டு, வெயிலில் நின்று கைரம்பத்தால் அறுத்தேன். மூன்றாவது பக்கத்தில் பலகை ஆடியது. டிரைவர் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். “நான் புடிக்கிறேன், நீ அறுபா. ஹார்பர் ஓடலன்னா என் வண்டியும் ஓடாது.” அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

மூடியை அறைந்து முடித்தபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்த முறை பெட்டி ஒரு விரல் இடைவெளியில் உள்ளே போனது.

“நீயும் கூடப் போ. சுங்கத்துல பிரிச்சுப் பாத்தா திரும்ப அடிக்க ஆள் வேணும்” என்றார் முதலாளி.

துறைமுகத்துக்கு வெளியே டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒன்றில் ராணிப்பேட்டைத் தோல், ஒன்றில் ஓசூர் உதிரிபாகம் என்று டிரைவர் காட்டிக்கொண்டே வந்தார். எங்கெங்கோ இருக்கும் பட்டறைகளில் இன்று சுத்தியல் பிடித்தவர்களெல்லாம் இந்த ஒரு கேட்டை நம்பித்தான் பிடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுங்க அதிகாரி ஒரு பலகையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பலகையைத் திரும்ப அறைந்தேன். ஐந்துக்குச் சற்று முன்னால் கண்டெய்னரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து, ஒரு பூத்திலிருந்து முதலாளிக்கு ஃபோன் செய்தேன்.

“உள்ள போய்டுச்சு சார்.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. முன்பென்றால் அத்தோடு வைத்திருப்பேன்.

“அடுத்த பெட்டிக்கு மரம் சொல்லிடுங்க சார்” என்றேன்.

“இன்னும் ஆர்டரே வரலையேப்பா.”

“வரும் சார். நல்லா காஞ்ச மரமா சொல்லுங்க.”