மூன்று நாற்பதுக்கு வருகிறவர்

மூன்று நாற்பதுக்கு மணி அடித்தால், பள்ளி வாசலில் முதலில் தெரிவது ஒரு மஞ்சள் ஹெல்மெட். லிப்ட் மெக்கானிக். ஊரின் எந்த மூலையில், எத்தனையாவது மாடியில் வேலை இருந்தாலும் சரி, இரண்டு வருடமாக அந்த நேரம் ஒரு நாளும் தவறியதில்லை. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. மகளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் மேஸ்திரி. வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். மகன் பட்டாணி. அம்மா இல்லை. ஏன் இல்லை என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

டீச்சருக்கு அவர் மேல் தனி மரியாதை. மேஸ்திரியின் பின்னல் முறுக்கின கம்பி வடம் மாதிரி சாயங்காலம்வரை அசையாது. பட்டாணியின் சட்டைப் பட்டன் அறுந்தால் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டியிருப்பார்; சட்டை கிழிந்தாலும் அது வராது. ஆப்பிளை நறுக்கி, மறுபடி முழுப் பழமாகச் சேர்த்து, கறுத்துப்போகாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புவார். பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்களெல்லாம் மார்க்கைக் கேட்டபோது இவர் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், பொண்ணு கிளாஸ்ல சிரிக்கிறாளா?"

அன்று வீட்டில் டீச்சர் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இதுவரைக்கும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா?" கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது.

பிள்ளையை ஒப்படைக்கும்முன் வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகு பதிவேட்டில் குறி போட வேண்டும். பள்ளியின் விதி அது. அந்த வியாழக்கிழமை வாசலில் ஒரே நெரிசல். டீச்சர் மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தாள், இரண்டு பிஞ்சுக் கைகளையும் விட்டாள், குறி போட்டாள். கூட்டம் கலைந்தது. நாலு மணிக்கு அந்த ஹெல்மெட் கழன்றது. உள்ளே நரைத்த தலை, தடித்த மீசை.

"அண்ணே, பசங்க எங்க?"

"எந்தப் பசங்கம்மா? பார்சல் கொண்டாந்தேன். கையெழுத்துப் போட ஆள் இல்லாம இருபது நிமிஷமா நிக்கிறேன்."

 டீச்சர் வாட்ச்மேனிடம் ஓடினாள்.

"வெளிய போகலை டீச்சர். எனக்குத் தெரியாம ஒரு பூனைகூடப் போக முடியாது."

"போன வாரம் நாய் உள்ள வந்துச்சே!"

"அது வந்தது. நான் போறதைச் சொல்றேன்."

மெக்கானிக்கின் போன் அணைந்திருந்தது. வகுப்பறை, கழிப்பறை, மேடைக்குப் பின்புறம், எங்குமில்லை. உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கும் அறையைத் தள்ளினாள். திறக்கவில்லை, மழையில் ஊதின கதவு என்று நினைத்து, ஓங்கி அறைந்து அழுகையோடு பேர் சொல்லிக் கத்திவிட்டு நகர்ந்தாள். கொல்லைப்பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. தரையடித் தண்ணீர்த்தொட்டியின் மூடி ஒரு முழம் விலகியிருந்தது.

வாட்ச்மேன் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஏதாவது தெரியுதா?"

"தண்ணி தெரியுது."

"நல்லாப் பாருங்க!"

"கறுப்பா என்னவோ மிதக்குது..." அவர் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் சுவரின் காரையை நகத்தால் பெயர்த்திருந்தாள். "பக்கெட்டு, டீச்சர். பக்கெட்டு."

அப்போதுதான் மெக்கானிக் ஓடிவந்தார். முழங்கைவரை கிரீஸ். "ஒரு அம்மா லிப்டுல மாட்டிக்கிட்டாங்க. உள்ள இறங்கினா போனை அணைச்சிடணும்..." டீச்சர் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. 

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன்."

"அப்ப வர மாட்டாங்க." பையிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டே நடந்தார். "லிப்டு குழியில குரலை நம்பக்கூடாது. எதிரொலியில எந்த மாடின்னு தெரியாது. யாரோ 'சரி'ன்னு கத்தினதைத் தன் ஆள்னு நினைச்சு ஒருத்தன் சுவிட்சைப் போட்டான், கீழ இருந்தவனுக்குக் கால் போச்சு. அதிலிருந்து எங்களுக்கு ஸ்பேனர் தட்டுதான் அடையாளம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. பசங்களுக்கும் அதான். அப்பாவைக் காணோம்னா ஒரு ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கோ, யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"யார் கூப்பிட்டாலுமா?"

"யாருன்னு பிரிச்சுச் சொல்லலை, டீச்சர்."

முதல் கதவில் தட்டினார். பதிலில்லை. இரண்டாவது. இல்லை. ஒவ்வொரு கதவிலும் தட்டிவிட்டுக் காதை வைத்து நின்றபோது, டீச்சருக்குத் தன் நெஞ்சு அடிப்பதே இடைஞ்சலாக இருந்தது. உடைந்த பெஞ்சு அறை. மூன்று. ஒன்று.

உள்ளேயிருந்து மெல்லியதாக மூன்று. ஒன்று.

தாழ் நகர்ந்தது. மேஸ்திரி தம்பியின் வாயைப் பொத்தியபடி நின்றாள். உள்ளங்கையில் பல் பதிந்திருந்தது. "கடிச்சிட்டான்பா. ஆனா விடலை." பிறகு டீச்சரைப் பார்த்து, "நீங்க அழுதது கேட்டுச்சு. பாவமா இருந்துச்சு. ஆனா தட்டலையே."

அவர் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். டீச்சர் பதிவேட்டை நீட்டினாள். "முகத்தைப் பார்க்காமலே குறி போட்டுட்டேன். நீங்கன்னா வந்திருப்பீங்கன்னு..."

"நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "நான் குழிக்குள்ள இருக்கும்போது அந்த லிப்டு ரெண்டடி சறுக்குச்சு. எனக்கு ஒண்ணு ஆயிருந்தா இதுங்க இந்தக் கதவைத் திறந்தே இருக்காது டீச்சர்."

ஸ்பேனரை டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"மேஸ்திரி, இனிமே டீச்சர் தட்டினாலும் திறக்கணும்."

"சரியாத் தட்டினாத்தான்," என்றாள் அவள். தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் தாழ் போட்டாள்.

ஸ்பேனர் கனத்தது. அது கதவில் துள்ளியதில் மூன்று நாலாகிவிட்டது.

"தப்பு!" என்றது உள்ளே குரல்.

இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மூன்று. ஒன்று. மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பட்டாணியின் குரல் வந்தது.

"அக்கா, திறக்கலாமா?"

"இருடா. யோசிக்கிறேன்."